குழந்தைகள் நலத் துறைக்கு ஒரே ஓர் இடம்

மகளுக்குப் பருப்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது கல்லூரி முதல்வர் அழைத்தார். கையெல்லாம் சோறாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தேன்.

"ஏம்மா, வியாழக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். யுனிவர்சிட்டில இருந்து ரெண்டு பேர் வாராங்க. நீ புதன்கிழமையே வந்துரு. ஒரு வருஷத்துக் கையெழுத்து பாக்கி கிடக்கு."

"சரி மேம்."

"ஒரிஜினல் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கோ. இன்னும் ஒரு தடவைதான் உனக்கு இந்தத் தொந்தரவு. அந்தப் பொண்ணு அரியரை முடிச்சிட்டான்னா உன் பேரை எடுத்துட்டு அவ பேரைப் போட்டுருவோம். நீ நிம்மதியாப் பிள்ளையப் பாக்கலாம்."

நிம்மதியாக என்று அவர் சொன்னது உண்மையான அன்போடுதான். எனக்குத்தான் கையிலிருந்த சோறு சட்டென்று கனத்தது. மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

நான் நர்சிங்கில் எம்.எஸ்சி. படித்தவள்; குழந்தைகள் நலம் என் துறை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு தோப்பை ஒட்டி இருக்கிறது அந்த நர்சிங் கல்லூரி. அங்கே இரண்டு வருடம் பாடம் எடுத்தேன். மகள் வயிற்றில் இருந்தபோது நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கணவர் காவல்துறையில் இருக்கிறார். சீசன் தொடங்கிவிட்டால் அருவிக்கரையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தவே அவருக்கு நாள் சரியாகிவிடும். அவருடைய அம்மா, என் அத்தைக்கு மூட்டுவலி. பிள்ளையை யாரிடம் விடுவது என்று நானே யோசித்து, நானே பயந்து, நானே முடிவெடுத்தேன். எடுத்த மறுவாரமே அது சரிதானா என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அப்போது முதல்வர் ஒரு வழி சொன்னார். "வேலையை விட்டதா எழுத வேண்டாம். பேரு மட்டும் லிஸ்ட்ல இருக்கட்டும்."

பல்கலைக்கழகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதோடு ஒவ்வொரு துறைக்கும் அந்தத் துறையிலேயே எம்.எஸ்சி. முடித்தவர் ஒருவராவது வேண்டும். எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு நாற்பது பேர், நான்கு ஆண்டுக்கு நூற்று அறுபது. பட்டியலில் பதினாறு ஆசிரியர்கள். தினமும் வந்து போனவர்கள் ஒன்பது பேர். மீதி ஏழு பேர் என்னைப் போலப் பேராக மட்டும் இருந்தோம். எனக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் என் அனுபவத்தில் இடைவெளி விழாது. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் விட்ட இடத்திலேயே போய் உட்காரலாம். இது தப்பு என்று எனக்குத் தெரியும். எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டையும் ஒரே நாளில் பலமுறை சொல்லிக்கொள்ள என்னால் முடியும்.

என் வகுப்புகளை எடுத்துவந்தவள், முதல்வர் சொன்ன 'அந்தப் பொண்ணு'. இலத்தூர்க்காரி. அவளும் குழந்தைகள் நலத்தில்தான் எம்.எஸ்சி. படித்திருந்தாள். முதலாண்டுப் புள்ளியியல் தாள் ஒன்று மட்டும் நின்றுபோயிருந்தது. அந்த ஒரு தாளால் பட்டம் இல்லை; பட்டம் இல்லாததால் பட்டியலில் அவள் வெறும் ட்யூட்டர். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது அவள். எடுப்பதாக எழுதியிருப்பது என் பெயர். அந்தத் துறைக்கு ஒரே ஓர் இடம். அவள் அந்தத் தாளில் தேறினால் இடம் அவளுக்கு. தேறாவிட்டால் எனக்கு.

மகளின் வாயைத் துடைத்துவிட்டபோது என் மனதில் முதலில் வந்தது இதுதான்: தேறாமல் இருக்கட்டும்.

*

புதன்கிழமை போனேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. துறை அறையில் அவள் மேசை முழுக்க நோட்டுகளை அடுக்கிவைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் நிறையப் பேனாக்கள்: நீலம், கறுப்பு, ஜெல், மை கசிகிற பழைய பால்பாயிண்ட் ஒன்று.

"மேம், வாங்க வாங்க. பாப்பா எப்படி இருக்கா? இங்கன உக்காருங்க, ஃபேன் காத்து வரும்." நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "நாலு பக்கத்துக்கு ஒருக்காப் பேனாவ மாத்திருங்க மேம். ஒரே பேனால போட்டா ஒரே நாள்ல போட்டதுன்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"தெரியும்," என்றேன். போன வருடமும் போட்டிருந்தேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நாளின் பாடத்திட்டம். தலைப்பு, நோக்கம், கேட்க வேண்டிய கேள்விகள், கீழே ஆசிரியர் கையெழுத்து. எல்லாம் அவள் எழுத்து. கையெழுத்து மட்டும் என்னுடையது. தேதிகளைப் பார்த்துக்கொண்டே போட்டேன். குறைமாதக் குழந்தைப் பராமரிப்பு என்று எழுதியிருந்த நாளில் நான் பண்பொழி மலைக்கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் எடுத்த நாளில் மகளுக்கு முதல் காய்ச்சல். நானே பயந்து இரண்டு மருத்துவர்களிடம் காட்டினேன். இன்குபேட்டர் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போன நாளில் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாட்களை எதற்காகவும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் பக்கத்தைப் புரட்டப் புரட்ட, இந்த ஒரு வருடத்தை இன்னொருத்தி வாழ்ந்துவிட்டாள் என்று தோன்றியது.

அவள் ஒரு ரப்பரை வைத்துக்கொண்டு ஓரங்களை அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அழிக்கே?"

"பென்சில்ல கண்டதையும் கிறுக்கி வச்சிருக்கேன் மேம். இன்ஸ்பெக்டர் பாத்தா சிரிப்பாங்க."

அவள் ரப்பர் எட்டும் முன் சிலவற்றைப் படித்துவிட்டேன். 'பின் வரிசை மூன்று பேருக்குப் புரியவில்லை. நாளை பொம்மையை வைத்துத் திரும்ப.' 'ரத்தம் பார்த்தால் ஜன்னலோரப் பிள்ளைக்கு மயக்கம். வார்டில் முதல் நாள் என் பக்கத்தில் நிற்கட்டும்.' 'இன்று நன்றாகக் கேள்வி கேட்டார்கள்.'

நான் பாடம் எடுத்த இரண்டு வருடத்தில் ஓரத்தில் இப்படி ஒரு வரிகூட எழுதியதில்லை. பாடத்தை முடித்தேன், வருகைப் பதிவேட்டை முடித்தேன், நேரத்துக்குப் போனேன், நேரத்துக்கு வந்தேன். நல்ல ஆசிரியை என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சந்தேகப்பட அவளுடைய பென்சில் எழுத்து போதுமானதாக இருந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவருகே ஒரு தலை தெரிந்தது. "மேம், சார்ட்டு காஞ்சிருச்சு." "மேம், இவ என்னைய ஹெட் நர்ஸா நடிக்க விட மாட்டேங்கா." "மேம், நீங்க சாப்டீங்களா?" எல்லா மேமும் அவள்தான். என்னைப் பார்த்தால், விருந்தாளிக்குச் செய்வது போலத் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

கடைசி நோட்டை முடிக்கும்போது அவள் ரப்பரைக் கீழே வைத்தாள்.

"மேம், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்கல்லா?"

"கேளு."

"உங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நல்லா வருமாம். பிரின்சிபால் மேம் சொன்னாங்க. எனக்கு ரெண்டு தடவை போயிருச்சு. அடுத்த மாசம் திரும்பப் பரீட்சை. ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லித் தருவீங்களா? நானே வீட்டுக்கு வாரேன், பாப்பாவத் தூக்கி வச்சிக்கிட்டே படிக்கேன்."

அவள் முகத்தில் சூது எதுவும் இல்லை. அவள் தேறினால் எனக்கு இடம் போகும் என்பது அவளுக்குத் தெரியும்; ஆனால் எனக்கு அந்த இடம் வேண்டும் என்பது தெரியாது. நான் வீட்டில் நிம்மதியாக இருக்கிறேன் என்று முதல்வரைப் போலவே அவளும் நம்பினாள்.

"எல்லாம் மறந்துபோச்சும்மா," என்றேன். "பிள்ள பெத்த பிறகு ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

பொய். சராசரியிலிருந்து விலகலைக் கணக்கிடும் சூத்திரத்தை அந்த நிமிடமே கண்ணை மூடிச் சொல்லியிருப்பேன்.

"பரவாயில்ல மேம்," என்று எழுந்தாள். "வாங்க, பிள்ளைங்கள்ட்ட உங்களைக் காட்டிருவோம்."

மூன்றாமாண்டு வகுப்பில் நாற்பது பேரும் எழுந்தார்கள். அவள் மேடையில் ஏறாமல் பக்கத்தில் நின்றாள்.

"இவங்கதான் உங்களுக்குக் குழந்தைகள் நலம் எடுக்கிற மேம். நல்லாப் பாத்துக்கோங்க. நாளைக்கு யாரு கேட்டாலும் முழிக்கக் கூடாது."

நடு வரிசையிலிருந்து ஒருத்தி, "எப்பத்துல இருந்து மேம் எடுக்காங்க?" என்றாள்.

"ஜூன்ல இருந்து."

"அப்போ நீங்க எங்களுக்கு யாரு மேம்?"

"நான் உங்களுக்கு மாமியா. உக்காருங்கட்டி."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பழைய புத்தகங்களை எடுத்துப் பரப்பினேன். மகள் ஒரு பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டாள். அத்தை கட்டிலில் காலை நீவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்குப் போயி உக்காந்துட்டுத்தானட்டி வரப்போற? அதுக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு?"

"ஏதாவது கேட்டா சொல்லணும்லா அத்தை."

"கேக்க வாரவன் வருஷம் முழுக்கல்லா கேக்கணும். ஒருநாள் வந்து என்னத்தக் கேக்கப் போறான்?" காலை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "போகணும்னா தெனமும் போ. நான் என்ன பிள்ளையத் தின்னுருவேனா?"

அவர் இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. முன்பே சொல்லியிருக்கிறார். நான்தான் மூட்டுவலியைக் காரணம் காட்டி மறுத்தேன். அதுவும் நினைவுக்கு வந்து கோபம் என் பக்கமே திரும்பிற்று.

*

வியாழக்கிழமை காலை கல்லூரி கல்யாண வீடு போல இருந்தது. செங்கோட்டைக்கு அப்பாலிருந்து மனநலத் துறையின் பெயர் காரில் வந்து இறங்கினார். உடற்கூறியலின் பெயர், ஓய்வுபெற்ற மருத்துவர், மருமகன் ஓட்டிய பைக்கில் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்ளும் சொந்தக்காரர்களைப் போல நாங்கள் விசாரித்துக்கொண்டோம்.

"போன வருஷம் கைப்பிள்ளையா இருந்துச்சே, இப்போ நடக்குதா?" என்று மனநலத் துறை அம்மா கேட்டார்.

"ஓட்டமா ஓடுதா மேம்."

"காலம் போறதே தெரியல. நாம என்ன செஞ்சோம்னு கேட்டா ஒண்ணுமில்ல. எக்ஸ்பீரியன்ஸ் மட்டும் கூடிக்கிட்டே போகுது."

ஓய்வுபெற்ற மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு இங்கன எத்தனை வருஷ அனுபவம்னு யாராவது சொல்லுங்களேன், கேட்டா உளறிருவேன்."

அரங்கத்தில் பதவி வரிசைப்படி உட்காரவைத்தார்கள். நான் இரண்டாம் வரிசை. அவள் கடைசி வரிசையில், ட்யூட்டர்களோடு. சோதிக்க வந்தவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். இருவருமே வேறு கல்லூரி ஆசிரியர்கள். ஆண் தலைகளை எண்ணினார். பெண் சான்றிதழ்களைப் பார்த்தார். பதினாறு தலை, பதினாறு சான்றிதழ். பத்துக்கு ஒன்று சரியாக வந்தது. முதல்வரின் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பின்னாலிருந்தே பார்த்தேன்.

பிறகு அந்த அம்மா மட்டும் எங்கள் துறைக்கு வந்தார். பத்து மாணவிகளைப் பொம்மைத் தொட்டிலைச் சுற்றி நிற்கவைத்திருந்தோம். நான் ஒரு பக்கம், அவள் கதவருகே.

"உங்களுக்கு இந்தப் பேப்பர் யாரும்மா எடுக்கறாங்க?"

முன்னால் நின்ற பெண், கண்ணாடி போட்டவள், கொஞ்சமும் தயங்காமல் என் பக்கம் கையை நீட்டினாள். "இவங்கதான் மேம். ஜூன்ல இருந்து எடுக்கறாங்க. நல்லாச் சொல்லித் தருவாங்க."

சொல்லி முடித்ததும் அவள் கண் கதவருகே போனது. சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை. கதவருகே நின்றவள் லேசாகக் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது.

எனக்காகச் சொன்ன பொய்யைக்கூட அவளுக்காகத்தான் சொன்னாள். அந்த ஒரு பார்வையை நான் வாங்கியதே இல்லை. இரண்டு வருடம் உண்மையாகவே பாடம் எடுத்தபோதும் வாங்கியதில்லை.

வந்தவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கிய தடுப்பூசி அட்டவணையைக் காட்டி, "இதை வச்சு இவங்களுக்கு அஞ்சு நிமிஷம் க்ளாஸ் எடுங்க, பாப்போம்," என்றார்.

அந்த அட்டவணை நான் வேலையில் இருந்தபோது என் கையால் வரைந்தது. பிறந்ததும், ஆறு வாரம், பத்து, பதினான்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் மாதத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

"இது பழசு," என்றேன். "நான் இதை வரைஞ்சப்போ ஒன்பதாம் மாசத்துல போலியோ ஊசி கிடையாது. இப்போ உண்டு. இடது கைல, தோலுக்குள்ள, ரொம்பக் கொஞ்சமாப் போடுவாங்க. வலது கைல தட்டம்மை ஊசி. தொடையில ஒண்ணு. ஒரே நாள்ல மூணு குத்து. மூணாவது குத்துக்குப் பிள்ளை அழுதுக்கிட்டே அம்மாவை ஒரு பார்வை பாக்கும், நீயுமா இதுக்கு உடந்தைங்கிற மாதிரி. அந்த அம்மாவை அடுத்த தவணைக்கு வரவைக்கிறது ஊசி போடுறவ கையிலதான் இருக்கு. எந்தெந்த இடம் வீங்கும், எத்தனை நாள் காய்ச்சல் இருக்கும்னு முன்னாடியே சொல்லிருங்க. சொல்லாம விட்டா பயந்துருவாங்க. நான் பயந்தேன்."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அட்டவணையை அல்ல, கதவை அல்ல, என்னை. ஒருத்தி குறிப்பேட்டைத் திறந்து எழுதினாள். இன்னொருத்தி, "மேம், வீக்கத்துக்கு என்ன வைக்கணும்?" என்று கேட்டாள். அது சொல்லிக்கொடுத்த கேள்வி இல்லை. நான் பதில் சொன்னேன். ஐந்து நிமிடம் பத்தாகியிருக்கும். வந்தவர்தான் நிறுத்தினார்.

அவர் போனதும் கதவருகே நின்றவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேம், சூப்பர் மேம்! எனக்கு இப்படிச் சொல்ல வராது. நான் பாடத்தை மட்டும்தான் சொல்லுவேன்." பிறகு சார்ட்டைப் பார்த்துச் சிரித்தாள். "ஒன்பதாம் மாசம் மாறினது எனக்குத் தெரியும். பிள்ளைங்கள்ட்டச் சொல்லிட்டேன். சார்ட்டு நீங்க வரைஞ்சது, அழிக்க மனசு வரல."

அவள் பொறாமைப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டின்போது அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமை வா," என்றேன். "புக்கை எடுத்துட்டு வா. எல்லாம் மறந்துரல, கொஞ்சம் ஞாபகம் இருக்கு."

நல்ல மனதோடு சொன்னேன் என்று எழுத ஆசைதான். பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள் அல்லவா, அது இன்னும் வேண்டியிருந்தது. பத்துப் பேர் கிடைக்காவிட்டால் ஒருத்தியாவது. அந்த ஒருத்தி அவளாக இருந்தால், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

*

நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். முதல் பேருந்தைப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஏதாவது வாங்கிக்கொண்டு வருவாள். அவள் அப்பா பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்; சந்தையில் மிஞ்சிய முருங்கைக்காயும் கத்தரிக்காயும் அத்தைக்கு வரும். அத்தை அவளை இரண்டாவது வாரமே சொந்தமாக்கிக்கொண்டார். மகள் என் மடியிலிருந்து இறங்கி அவளிடம் போனாள்.

"ஏ பிள்ள, உனக்கு மாப்பிள்ள பாக்காங்களா?" என்று அத்தை கேட்பார்.

"இந்தக் கணக்கு வந்தாத்தான் ஆச்சி மாப்பிள்ள. அப்பா கண்டிஷன்."

"அப்போ எங்க வீட்டுக்காரி கையிலதான் உன் கல்யாணம் இருக்குன்னு சொல்லு."

அவள் மடியில் என் மகளும், அவள் கையில் என் பழைய நோட்டும் இருந்தன. நன்றாகவே புரிந்துகொண்டாள். கணக்கைப் பார்த்துப் பயப்படுகிறாள், அவ்வளவுதான். பயத்தைத் தாண்டிவிட்டால் கை வேகமாக ஓடுகிறது. மூன்றாவது வாரம் நான் திணறிய ஒரு கணக்கை அவள் போட்டுவிட்டாள். "அருமை," என்றேன். சொல்லும்போது பல்லைக் கடித்திருந்தது எனக்குத் தெரியும்.

நான்காவது வாரம் நான் செய்தது இன்றுவரை உறுத்துகிறது. கடைசியில் கை-ஸ்கொயர் சோதனை மட்டும் பாக்கி. அந்தத் தாளில் அடிக்கடி கேட்கப்படுவது அது. மகள் தூக்கத்துக்கு அழுதாள். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. "இது வராதும்மா," என்றேன். "போன தடவைதான் கேட்டாங்க. விட்டுரு."

"அப்படியா மேம்? நல்லதாப் போச்சு."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை அழுததால் சொன்னேனா, வேண்டுமென்று சொன்னேனா? பிள்ளை உண்மையாகவே அழுதாள். ஆனால் அழாவிட்டாலும் சொல்லியிருப்பேனோ என்று யோசித்தபோது, இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை சமையலை அப்படியே போட்டுவிட்டு, இரண்டு தாளில் முழுக் கணக்கையும் படிப்படியாக எழுதிப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். கூடவே குரல் பதிவு ஒன்று: "இது வந்தாலும் வரும். நான் தப்பாச் சொல்லிட்டேன். நல்லாப் பாத்துக்கோ."

சிறிது நேரத்தில் அவளிடமிருந்து பதில் வந்தது. "தேங்க்ஸ் மேம். நான் நேத்து பஸ்ஸுலயே அதப் போட்டுப் பாத்துட்டேன். நீங்க பாப்பாவ வச்சிக்கிட்டு அவசரத்துல சொல்லுதீங்கன்னு தெரிஞ்சுது. சரியா வந்துருச்சு."

என் பாவமும் அவளைத் தொடவில்லை, என் பரிகாரமும் அவளுக்குத் தேவைப்படவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவள் தேறினாள். முடிவு வந்த அன்று முதலில் என்னைத்தான் அழைத்தாள், அழுதுகொண்டே பேசினாள். நானும் அழுதேன். என் அழுகையில் பாதி அவளுக்கானது இல்லை.

*

இரண்டு வாரம் கழித்து முதல்வர் அழைத்தார்.

"ஏம்மா, உன் பேரை எடுத்தாச்சு. அவ இப்போ அசிஸ்டன்ட் புரொபசர். ரொம்ப உதவி பண்ணினியாமே, சொன்னா."

"சந்தோஷம் மேம்."

"இப்போ ட்யூட்டர்ல ஒரு இடம் காலியாயிருச்சு பாரு. கணக்குல ஒண்ணு குறையுது. உன் பேரை அங்க போட்டுக்கிடட்டா? எம்.எஸ்சி. படிச்சவளை ட்யூட்டர்ல போடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. வழக்கம் போலத்தான், நீ வர வேண்டாம்."

அத்தை கூடத்தில் மகளை உட்காரவைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். மகள் அழவில்லை.

"பேரு மட்டும்னா வேண்டாம் மேம்," என்றேன். "க்ளாஸ் குடுத்தா வாரேன். தெனமும் வாரேன்."

முதல்வர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுதியா? அவ கீழதான் வேலை பாக்கணும். நேத்து வரைக்கும் உனக்குக் கீழ இருந்த பிள்ளை. உனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"இருக்கும் மேம்," என்றேன். "வாரேன்."

வைத்த பிறகுதான் கணவரிடம் கேட்கவில்லை என்று உறைத்தது. அருவிக்கரையில் விசில் சத்தத்துக்கு நடுவே அவருக்குப் போன் போட்டு, சரியாகச் செய்தேனா என்று மூன்று முறை கேட்டேன். "சேந்துட்டுத்தான கேக்க?" என்றார். "அப்புறம் என்ன?"

இப்போது சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை மூன்றாமாண்டுப் பிள்ளைகளைப் பயிற்சிக்காக அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்கு அழைத்துப் போனோம். இதுவரை நாற்பது பேருக்கும் அவள் ஒருத்திதான் போய்க்கொண்டிருந்தாளாம். அன்றுதான் முதல்முறையாக இரண்டு பேர். வராந்தாவில் நின்று பிரித்தோம். இருபது பேர் அவளோடு, இருபது பேர் என்னோடு. பத்துக்கு ஒன்று என்பது இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் இருபது முகத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். யார் பயப்படுகிறாள், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று தெரிகிறது.

அவள் தன் கூட்டத்தை வலது பக்கம் அழைத்துப் போனாள். ஏதோ சொல்லியிருப்பாள், அங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கழுத்து தானாகத் திரும்பியது. நான் என் ஆட்களை எண்ணினேன். பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். பத்தொன்பதுதான்.

அவளுடைய கூட்டத்தின் கடைசியில், இரண்டு பேருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒருத்தி நின்றாள். என் பட்டியலில் இருக்கிறவள். விட்டுவிடலாம், ஒருத்திதானே, அவளோடு இருந்தால் நன்றாகக் கற்றுக்கொள்வாள் என்றும் தோன்றியது. மூன்று தப்படி அந்தப் பக்கம் போனேன்.

"ஏட்டி, நீ என் குரூப்பு," என்றேன். "இங்கன வா."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். அவள், "போட்டி, மேம் கூப்புடுதாங்கல்லா," என்றாள். பெண் மெதுவாக வந்து சேர்ந்தாள். அவளைப் பின்னால் நிற்கவிடாமல் என் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டு, முதல் கட்டிலுக்குப் போனேன்.